எண்ணிக்கை தப்பவில்லை

“மிச்ச மாத்திரையை இதுல கொட்டுங்கண்ணே, எண்ணிப் பார்ப்போம்.”

வெல்டர் டப்பாவைத் தட்டில் கவிழ்த்தார். எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தின் ஆலோசகப் பெண் ஸ்பூனால் இரண்டிரண்டாகத் தள்ளினாள். நான்கு. இருக்க வேண்டியதும் நான்கேதான். மூன்று வருடமாக இந்த மனிதரிடம் எண்ணிக்கை தப்பியதே இல்லை. மற்றவர்களுக்கு அவரைத்தான் உதாரணம் காட்டுவாள். ஆனால் இரண்டு முறை சோதித்தும் ரத்தத்தில் வைரஸ் எகிறியிருந்தது.

“ஒரு வேளைகூட விடலையே?”

“விட்டிருந்தா தட்டுல தெரியுமே மேடம்.”

வீட்டில் ஞாபகப்படுத்தவும் ஆள் கிடையாது. மனைவி பிரிந்து போய்விட்டதாக அவருடைய அட்டையிலேயே எழுதியிருந்தது.

முதல் மருந்து வைரஸுக்குப் பழகிப்போய்விட்டது, இனி இரண்டாம் கட்டம்தான் என்றாள். அதுவும் கைவிட்டால் அப்புறம் பெரிதாக எதுவும் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. பிறகு காகிதத்தில் ஒரு வட்டம் போட்டாள். விளக்கிச் சொல்வதென்றால் அவளுக்கு நேரம் போவதே தெரியாது. வைரஸ் நம் செல்லுக்குள் புகுந்து, தன்னை அங்கே ஒட்டவைத்து, அப்புறம் பாகம் பாகமாக வெட்டிப் பெருகும். இரண்டாம் கட்டத்தில் இரண்டு மருந்து உண்டு. அதில் பழையது வெட்டுகிற கத்தியை மழுங்கடிக்கும். காலையும் மாலையும் இரண்டிரண்டு, சிலருக்கு வயிறு போகும். புதியது ஒட்டவே விடாது. நாளுக்கு ஒன்று, கொஞ்சம் எடை ஏறலாம்.

“உங்க பாஷையில சொன்னா, வெல்டிங்கே பிடிக்காது.”

வெல்டர் சிரிக்கவில்லை. இரண்டில் எதைப் பொடி செய்யலாம் என்று கேட்டார்.

பழையதை முழுசாகத்தான் விழுங்க வேண்டும், புதியதைப் பொடிக்கலாம் என்றாள். தொண்டையில் புண்ணோ என்று டார்ச்சை எடுத்தாள். அவர் வாயைத் திறந்து காட்டினார். சுத்தமாக இருந்தது.

“கசக்குமா மேடம்?”

“சின்னப் பிள்ளையாண்ணே நீங்க? தண்ணியோட ஒரே மடக்கு.”

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“எனக்கில்ல மேடம். என் வீட்டுக்காரி எங்கேயும் போகல, வீட்லதான் இருக்கா. போன வருஷம் அவ விடாத காய்ச்சல்ல கிடந்தப்பவே அவளுக்கும் வந்துடுச்சுன்னு புரிஞ்சுது, சொல்லத்தான் வாய் வரல. அன்னையிலேருந்து தினம் என் மாத்திரையில பாதியைப் பொடிச்சு அவ காபியில கலக்குறேன். இப்ப கசக்குதுன்னு அவ அதையும் குடிக்க மாட்டேங்கிறா.”