அஞ்சாம் நம்பர் மஞ்சள்

“கண்ணை நல்லாத் திறடா கொட்டாவி.”

பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிறவர், கொட்டாவி என்று பட்டப்பேர் வாங்கின கிடங்கு ஆளின் முகத்துக்குப் பக்கத்தில், கலர் நம்பர் போட்ட ஷேடு கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தினமும் காலையில் இதே கூத்துதான்.

“நேத்து நாலாம் நம்பர் மஞ்சள். இன்னைக்கு அஞ்சு. ரெண்டு கோட் அடிச்சா ஹாலே வெளிச்சமாயிடும்.”

டப்பா ஏற்றுகிறவர்கள் சிரித்தார்கள். கொட்டாவியும் அசடு வழிந்தான்.

பில் போடும் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஆறு மாசமாகத் தூக்கம் வராமல் தவிக்கிற பிள்ளை. “தூங்கினியாப்பா?” என்று அவனைக் கேட்கிற ஒரே ஜீவன் அந்தக் கடையில் அவள்தான்.

“ஏம்ப்பா, உனக்கு மனசுன்னு ஒண்ணு கிடையாதா? அவன் கண்ணு மஞ்சளா இருக்கறதை நாங்கள்லாம் பாத்தும் பாக்காத மாதிரி இல்லையா?”

“மஞ்சளை வெள்ளைன்னு சொல்றதுக்கா எனக்கு இந்த வேலையைக் குடுத்திருக்காங்க?” என்றார் கலர்காரர்.

“இரு, முதலாளிகிட்ட சொல்லி உன் வாய்க்குப் பூட்டுப் போடறேன்.”

மறுநாள் சொல்லியும் விட்டாள். முதலாளி முறைப்போடு காத்திருந்தார். கலர்காரரைக் காணோம். கொட்டாவியையும் காணோம்.

சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். கொட்டாவிக்கு வாயெல்லாம் பல்.

“பிழைச்சேன் முதலாளி. அண்ணன் என்னைக் காதைப் பிடிக்காத குறையா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிட்டாரு. இருபது நாளா என் கண்ணைப் பாத்து எழுதி வச்ச மஞ்சள் நம்பரை நீட்டினாரு பாருங்க, டாக்டரே அசந்துட்டாரு. ரத்தம் எடுத்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க. எல்லாம் நான் முழுங்கின தூக்க மாத்திரை பண்ணின வேலையாம். ஒண்ணு பத்தாம நாலு, அஞ்சுன்னு ஏத்திட்டேன்ல, ஈரல் கெட ஆரம்பிச்சிருக்கு, அதான் கண்ணு மஞ்சளாம். சீக்கிரம் வந்தீங்க, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு நிறுத்திடலாம், சரியாயிடும்னாரு.”

பில் மெஷின் மேல் அக்காவின் விரல் அப்படியே நின்றது.

முதலாளியின் முறைப்பு போன இடம் தெரியவில்லை. “எல்லாருக்கும் டீ சொல்லுங்கப்பா. ஆமா, எந்தப் புண்ணியவான்டா உனக்கு அந்த மாத்திரையைப் பழக்கினான்?”

கொட்டாவி தலையைச் சொறிந்தான்.

“யாரோ பாவம் பாத்துக் குடுத்திருக்காங்க முதலாளி,” என்று கலர்காரர் முந்திக்கொண்டார்.

முதலாளி உள்ளே போனதும் அவர் பில் மேஜைப் பக்கம் குனிந்தார்.

“புண்ணியவான் இல்ல, புண்ணியவதின்னு நான் மூச்சு விடலக்கா. பையில மிச்சம் இருக்கிற மாத்திரையை மட்டும் இப்படிக் குடுத்துடுங்க. டீ வருது, முகத்தைச் சிரிச்சாப்பல வச்சுக்குங்க.”