தொள்ளாயிரத்து அறுபது மீட்டர்

“ஷ்ஷ்! யாரும் பேசாதீங்க. ஆயிரத்து இருபதுக்கு இறங்கிடுச்சு!” என்று கத்தினார் பஸ்ஸாம். ஒரு கையில் வானொலி, மறு கையில் கைப்பேசி, மூக்கு ஜன்னல் கண்ணாடியில்.

“என்ன இறங்கிடுச்சு? தங்கம் விலையா?” என்றாள் மனைவி இன்ஆம். சமையலறையில் உட்கார்ந்து திராட்சை இலையில் அரிசியை வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“பனிடி! ஆயிரத்து இருபது மீட்டர் உசரத்துக்கு மேல பனி விழுமாம். இன்னும் அறுபது மீட்டர் இறங்கினா நம்ம வீடு வந்துடும்.”

அம்மான் நகரத்து ஆட்கள் நாங்கள் இப்படித்தான். ‘சர்க்கரை எவ்வளவு?’ என்று டாக்டர் கேட்டால் திருதிருவென்று விழிப்போம். வீடு கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். பனி வரும் என்று யாராவது முணுமுணுத்தால் போதும், ஏதோ நாற்பது நாள் முற்றுகை வரப்போகிற மாதிரி ஊரே ரொட்டிக்கடை வாசலில் நிற்கும். போன வருஷம் பஸ்ஸாம் பதினோரு கிலோ ரொட்டி வாங்கினார். விழுந்தது நாலு சொட்டுத் தூறல். அந்த மாதம் முழுக்கத் தெருப் புறாக்கள் பறப்பதையே விட்டுவிட்டு நடந்து போயின.

இந்த வருஷம் விஷயம் கொஞ்சம் பெரிசு. மொன்றியாலில் நர்ஸாக இருக்கும் ஒரே மகள் ருபா, மூன்று வருஷம் கழித்துப் பன்னிரண்டு நாள் லீவில் வந்திருந்தாள். இன்று பகல் இரண்டு மணிக்கு விமானம். பனி கொட்டினால் விமான நிலையத்துக்குப் போகும் சாலை அடைபடும். சாலை அடைபட்டால் மகள் இன்னும் இரண்டு நாளாவது வீட்டில் இருப்பாள். அதற்காகத்தான் தன் மருந்துக்கடையைக்கூடச் சரியாகத் திறக்காமல், பன்னிரண்டு நாளாக வானத்தோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார் மனிதர்.

ருபா தேநீரோடு வந்தாள்.

“பாபா, விமானத்தைப் பத்தி ஒண்ணு...”

“அந்தப் பேச்சையே எடுக்காதே, ராசியில்லை! அங்க பாரு, வானம் வெள்ளையா இருக்கா, சாம்பலா இருக்கா?”

“பிழியாத துணி மாதிரி இருக்கு. வந்த நாள்லேருந்து என் முகத்தைப் பார்த்ததைவிட நீங்க போன்ல அந்த வானிலை மேப்பைப் பார்த்ததுதான் அதிகம்.”

“உனக்காகத்தானேம்மா பார்க்கறேன்! சித்த இரு, அபூ தாமருக்குப் போன் போட்டுட்டு வந்துடறேன்.”

அபூ தாமர் அவருடைய பள்ளிக்கூட நண்பர். ஊரின் மேட்டுப் பகுதியான ஸுவைலிஹில் வீடு. பனிக்காலத்தில் மட்டும் ராஜா.

“என்னய்யா, உங்க பக்கம் விழுதா?”

“விழுது, விழுது!”

“ஒட்டுதா?”

“கார் மேல ஒட்டுது. தரையில ஒட்டலை.”

“கொடுத்து வெச்சவன்யா நீ! அதைக் கொஞ்சம் கீழ தள்ளி விடேன்.”

போனை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். “இருபது வருஷம் முன்னாடி அங்க ஒரு வீடு விலைக்கு வந்துது. மேட்டுல குளிரும், வேணாம்னு சொன்ன புத்திசாலி யாரு?”

“நீங்கதான்,” என்றாள் இன்ஆம், இலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பத்து மணி. தூறிக்கொண்டிருந்த மழை நின்றது. பத்தே காலுக்கு மேகம் விலகி, எதிர்வீட்டு மாடியில் பளிச்சென்று வெயில் விழுந்தது. அந்த வீட்டுக்காரி துணி உலர்த்த வந்தாள்.

பஸ்ஸாம் கைப்பேசியைச் சோபாவில் போட்டார். கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

“என்னை மாதிரி மடையன் உலகத்துல உண்டாம்மா? பன்னிரண்டு நாள் கண்ணு முன்னாடி இருந்தே. உட்கார்ந்து நாலு வார்த்தை பேசினேனா? உன்னை ரெண்டு நாள் கூட வெச்சுக்கணும்னு வானத்தைப் பார்த்துப் பார்த்து, கையில இருந்த பன்னிரண்டு நாளையும் கோட்டை விட்டுட்டேன்.”

“பாபா, அழாதீங்க. நான் சொல்றதைக்...”

“ஒண்ணும் சொல்லாதே, நேரமாச்சு. வண்டியில பேசிக்கலாம். பெட்டியை நானே தூக்கறேன். இந்தக் கிழவனுக்கு அந்த வேலையாவது தெரியும்.”

விறுவிறுவென்று மகள் அறைக்குள் போனார். அந்தப் பெரிய பெட்டியைப் பல்லைக் கடித்து, முழுப் பலத்தையும் திரட்டி ஒரே தூக்காகத் தூக்கினார். மறுவிநாடி பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி கட்டிலில் மல்லாந்து கிடந்தார்.

“காலிப் பெட்டியா இருக்கே! இன்னுமா துணி அடுக்கலை?”

வாசலில் சாய்ந்து நின்ற ருபாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“மொன்றியால்ல இடுப்பளவு பனி பாபா! இன்னிக்கு விமானம் ரத்து, இனி வெள்ளிக்கிழமைதான்னு முந்தாநாளே சேதி வந்துடுச்சு. அம்மாவுக்குத் தெரியும், கீழ்வீட்டுக்குத் தெரியும், உங்ககிட்ட மட்டும்தான் வாயைத் திறந்தப்பல்லாம் ‘ஷ்ஷ், வானிலை!’ன்னு கையைக் காட்டிட்டீங்க.”