உச்சியில் பேசக் கூடாது

துரை முதல் கல்லைத் தூக்கிவிட்டார்.

வழி காட்டி வந்தவன் பதறி ஓரடி முன்னால் வந்தான். ஆனால் வாயைத் திறக்க முடியாது. இது உச்சி.

அவன் ஆட்களுக்கு இது ஒன்றுதான் கட்டுப்பாடு. சோலை முடிந்து புல் தொடங்கும் இடத்தில் வாயை மூடினால், திரும்பி வந்து மரநிழலை மிதிக்கும் வரை ஒரு சொல் கூடாது. செத்துப்போன ஒவ்வொருவருக்கும் ஒரு கல் கொண்டுவந்து இங்கே வைத்திருக்கிறார்கள். கல்லுக்குள் அவர்கள் தூங்குகிறார்கள். மனுஷக் குரல் கேட்டால் முழித்துவிடுவார்கள். அப்புறம் யார் தூங்கவைப்பது?

பெரியவர்கள் என்றாலாவது எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள்.

மாதிக்கு நாலு வயது.

போன மழைக்குக் காய்ச்சல் கண்டு போன மகள். அவள் ஓடையில் பொறுக்கி, ராத்திரியும் பக்கத்தில் வைத்துப் படுத்த கல் ஒன்று உண்டு. வெள்ளைக் கோடு ஓடிய கல். அதைத்தான் கொண்டுவந்து, அவளுக்கு முன்னால் போய்விட்ட அவள் அம்மாவின் கல்லை ஒட்டி, காற்று படாத பக்கமாக வைத்தான்.

துரைக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? வழி காட்ட ஆள் கேட்டார். மணியக்காரர் இவனைப் பிடித்துக் கொடுத்தார். ஊரில் வேறு ஆளா இல்லை! ஏறுவார், பார்ப்பார், இறங்கிவிடுவார் என்றுதான் இவனும் நினைத்தான். கல்லில் கை வைப்பார் என்று கண்டானா?

கோயில் இல்லை, வேல் இல்லை. புல்லுக்குள் கிடக்கும் கற்கள். தெரியாதவனுக்கு வெறும் கல்.

துரை இங்கிலீஷில் கேட்டதைத் துபாஷி வரதப்பர் தமிழில் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி யாராவது இங்கே ஏறியிருக்காங்களாடா?"

அவன் கும்பிட்டான். கற்களைக் காட்டினான். தன் மார்பைத் தொட்டான். மறுபடியும் கற்களைக் காட்டினான்.

வரதப்பர் துரையிடம் என்னவோ சொன்னார். பிறகு இவனைத் தட்டிக்கொடுத்தார்.

"நீயும் கல் எடுத்துக் குடுக்கறேங்கிறியா? குடு, குடு. யாருமே வராத இடமாச்சே!"

துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தானே குனிந்து நிமிர்ந்து, வேர்க்க விறுவிறுக்க, தான் ஏறியதற்கு அடையாளமாக ஆள் உயரத்துக்குக் கல் அடுக்கினார். நல்ல மனுஷன்தான். கெட்டவனாக இருந்தாலாவது மனசுக்குள் சபிக்கலாம்.

அவன் துரையின் கையைப் பிடித்துத் தடுத்தான். துரை சிரித்துக்கொண்டே இவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மாதியின் அம்மா அடிவரிசையில் போனாள். எந்தப் பக்கம் என்று கண்கொட்டாமல் பார்த்திருந்தான். மேலே மேலே கல் விழுந்ததில் தவறவிட்டான்.

ஐயோ, என்ன கண் இது!

கடைசியில் வெள்ளைக் கோட்டுக் கல்.

துரை அதன் மண்ணைத் துடைத்து இவனிடம் நீட்டினார். எல்லாவற்றுக்கும் மேலே நீயே வை என்று சாடை காட்டினார். மரியாதை செய்கிறாராம்.

மேலே வைத்தால் காற்று. கீழே வைக்க அம்மா இல்லை.

அவன் கல்லோடு நின்றான்.

துரை தொப்பியைக் கழற்றி வீசினார். தன் பெயரைச் சொல்லிக் கூவினார். வரதப்பரும் கூடச் சேர்ந்து கூவினார். மலைக்கு மலை அந்தப் பெயர் மோதித் திரும்பி வந்தது.

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

கல்லுக்குக் காது எந்தப் பக்கம் இருக்கும்? தெரியவில்லை. எல்லாப் பக்கமும் பொத்தினான்.

இறங்கும்போது துரை முன்னால் போனார், விசிலடித்துக்கொண்டு.

சோலை வந்தது. மரநிழல் காலில் பட்டது. இனிப் பேசலாம்.

சொல்ல எவ்வளவோ இருந்தது.

"முதல்முதலா ஏறினவர்னு துரை பேரு இனிமே சீமையெல்லாம் அடிபடும்டா!" வரதப்பர் பின்னாலிருந்து சத்தம் போட்டார். "நானும் கூட இருந்தேன்னு சொல்லிக்கலாம். ஆமா, நீ என்னடா, மேலே வைக்கச் சொன்ன கல்லை மடியில கட்டிக்கிட்டு வர்றே?"

அவன் நிற்கவில்லை. மடியை மெல்லத் தட்டிக்கொண்டே நடந்தான்.

"மெதுவாப் பேசுங்க சாமி," என்றான். "இப்பத்தான் கண்ணசந்தா."