தச்சு வகுப்பில் பதினொரு பேர்

பிரிக்பீல்ட்ஸ் மாதா கோயில் கூடத்தில் ஏழைப் பையன்களுக்குத் தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார்கள். மதியம் மரவள்ளிக் கஞ்சியும் உண்டு. அன்று ஜப்பான் சிப்பாய்கள் வந்து, சயாம் ரயில் பாதை வேலைக்கென்று பதினொரு பேரையும் லோரியில் ஏற்றிவிட்டார்கள்.

சேதி கேட்டு அருளாயி தலைதெறிக்க ஓடிவந்தாள்.

"அக்கா, உங்க தாசன் நோஞ்சான் பய. அதோ ஆள் பாத்து எடுக்கற ஜப்பான் டாக்டர் நிக்கிறாரு. சட்டையைக் கழட்டி எலும்பைக் காட்டினா, 'வேணாம், போ'ன்னு விட்டுருவாரு. நான் பேசவா?" என்றார் தச்சு வாத்தியார்.

"வேணாம் சார். கழட்டச் சொல்லாதீங்க!"

"பெத்த தாய் பேசுற பேச்சா இது?"

லோரி நகர்ந்தது. அருளாயி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

சிப்பாய்கள் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்றுதான், பாவம், போன மாதம் அவள் தன் மகள் ரஞ்சிதத்தின் கூந்தலைக் கத்தரித்து, தாசன் என்று பேர் சொல்லி, இங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தாள்.