ஓடுது

"அப்பா, நான் சொன்னது தப்புபா. 'ரன்'னா ஓடறது மட்டும் இல்லபா!"

தறியில் நெய்துகொண்டிருந்த கலியாணசுந்தரம் ஓடிய நாடாவை நிறுத்தினார்.

மகள் மங்கையர்க்கரசியின் கையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இரவல் வாங்கிய அகராதி. பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருவிலேயே எஸ்.எஸ்.எல்.சி. தேறிய ஒரே பெண் அவள்தான். திங்கட்கிழமை பெங்களூர் ஜவுளிக்கடையிலிருந்து தந்தி வந்தபோது, "அரக்கு கலர் ரன்ஸ், கம் அட் ஒன்ஸ்" என்று கணீரென்று வாசித்தாள். "அரக்குச் சேலை ஓட்டமா ஓடுதாம், உடனே வரச் சொல்றாங்க" என்று அர்த்தமும் சொன்னாள். அப்பா தெருவுக்கே ஜாங்கிரி கொடுத்தார். சாயக்காரரிடம் இன்னும் பத்துச் சேலைக்கு அரக்குச் சாயம் போடச் சொல்லிவிட்டு, தறியில் இருக்கும் சேலையை நெய்து அறுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை கிளம்புவதாக இருந்தார்.

"வேற என்னதான் அர்த்தம்?"

"ஒரு பக்கம் பூரா இருக்குதுபா. கடை நடத்தினாலும் ரன்னாம். மூக்கு ஒழுகினாலும் ரன்னாம். எலெக்‌ஷன்ல நின்னாலும் ரன்னாம்."

"நிக்கிறதையும் ஓடறதுன்னு சொல்வானா? என்ன பாஷைமா அது!"

"கடைசில பாருபா." அவள் குரல் உள்ளே போய்விட்டது. "துணியில சாயம் போனாலும் ரன்னுதான்."

கலியாணசுந்தரத்தின் முகம் செத்துப்போயிற்று. "சாயம் போனதுக்கா ஜாங்கிரி கொடுத்தேன்?"

மங்கையர்க்கரசிக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. படித்த திமிரில் அப்பாவின் மானத்தை வாங்கிவிட்டோமே என்று கூசினாள்.

அடுத்த நிமிஷம் இருவரும் சாயக்காரர் யேசுதாஸ் வீட்டு வாசலில் நின்றார்கள்.

"முப்பது வருஷமா நம்பிக்கினு இருந்தேனே யேசு! உன் சாயம் போகுதுன்னு தந்தியே வந்திருக்குது!"

தெரு கூடிவிட்டது. முழங்கை வரை சிவந்த கையோடு யேசுதாஸ் எழுந்து வந்தார். "என் சாயம் போகாது கலியாணம். அதோ நூல் காயுது. தண்ணில நனைச்சிப் பாரு."

"இங்கிலீஷ்லயே எழுதிட்டான். இன்னும் என்னத்த நனைக்கிறது?"

யேசுதாஸ் அவரை விட்டுவிட்டு மங்கையர்க்கரசியைப் பார்த்தார். "படிச்ச பொண்ணு, நீ சொல்லும்மா. என் சாயம் போகுமா?"

அவள் போட்டிருந்த அரக்குத் தாவணியே அவர் சாயம் போட்டுக் கொடுத்ததுதான். இரண்டு வருஷமாகத் துவைத்தும் மங்காதது. ஆனாலும் ஒருமுறை அர்த்தம் தப்பாகச் சொல்லிப் பட்ட அவமானம் போதாதா? அகராதியைத் திறந்து அந்த வரியில் விரலை வைத்தாள்.

"புஸ்தகத்துல அப்படித்தான் இருக்குது, மாமா."

யேசுதாஸ் திரும்பி நடந்தார். பத்துச் சேலைக்குக் காய்ச்சிய சாயத்தை அண்டாவோடு சாக்கடையில் கவிழ்த்தார். "இனிமே உங்க வீட்டு நூலைத் தொட மாட்டேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

வீடு திரும்பினால், பெங்களூர்க் கடைக்காரர் குந்துநாதன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து மாகறலில் பிறந்து, பிழைக்கப் போன இடத்தில் கடை வைத்தவர்.

"இன்னா கலியாணம், தந்தி அடிச்சும் வரல?"

கலியாணசுந்தரம் கைகூப்பினார். "மன்னிச்சிடுங்க மொதலாளி. எல்லாச் சேலையும் நான் திருப்பி எடுத்துக்கிறேன்."

"திருப்பி எடுத்துக்கிறியா? கடையில ஒண்ணுகூட மிச்சம் இல்லையே! அதே யேசுதாஸ் சாயத்துல இன்னும் இருபது வேணும்னுதான் நானே பஸ் ஏறி வந்தேன்."

மங்கையர்க்கரசி அகராதியோடு முன்னால் வந்தாள். "தந்தில... ரன்ஸ்னு..."

"ஆமாம்மா, கலர் ஓட்டமா ஓடுதுன்னு அடிச்சேன்" என்றார் குந்துநாதன். "ஏன், 'ரன்'னா ஓடறதுதானே? அஞ்சாங்கிளாசோட நின்னவன்மா நான், எனக்கு அந்த ஒரு அர்த்தம்தான் தெரியும்."