நடுச்சுவர்

கட்டி முடித்த சுவரை இடித்துவிட்டு மறுபடியும் கட்டச் சொன்னார் பாடகி.

நகரத்தின் புதிய இசை வளாகம் அது. உள்ளே மூன்று அரங்குகள். பெரிய அரங்குக்கும், புதியவர்கள் பாடுவதற்கென்றே ஒதுக்கிய சின்ன அரங்குக்கும் நடுவே இருந்த சுவர்தான் அவர் கண்ணை உறுத்தியது. வளாகக் குழுவின் தலைவி அவர். பெரிய அரங்கில் முதல் கச்சேரியும் அவருடையதுதான்.

"ஒரு பொட்டுச் சத்தம்கூட இந்தச் சுவரைத் தாண்டக் கூடாது தம்பி" என்றார் ஒலிப் பொறியாளனிடம்.

அவனுக்கு எரிச்சல். சின்னப் பிள்ளைகள் பாடுவது காதில் விழுந்தால் இவருக்கு என்ன குறைந்துவிடும்? எல்லாம் தலைக்கனம் என்று மேஸ்திரியிடம் புலம்பித் தீர்த்தான். மேஸ்திரியும் தலையாட்டினார்.

இரட்டைச் சுவராக எழுப்பலாம், ஆனால் பெரிய அரங்கின் ஒப்பனை அறையில் பாதி போய்விடும் என்று பாடகியிடம் சொல்லிப் பார்த்தான். அவர் உட்காரப்போகும் அறை அது. அதோடு பின்வாங்கிவிடுவார் என்று நினைத்தான். பாதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அங்கேதான் அவனுக்குக் குழப்பம் ஆரம்பித்தது. சொந்த வசதியை விட்டுக்கொடுக்கிற தலைக்கனத்தை அவன் பார்த்ததே இல்லை.

சுவர் எழும்பியது. சோதனை நாளன்று பெரிய அரங்கில் அவருக்கு நாற்காலி போட்டுவைத்தான். சின்ன அரங்கில் ஒலிபெருக்கியை அலறவிட்டு, இங்கே கேட்கிறதா என்று பார்ப்பதாக அவன் ஏற்பாடு.

அவரோ நேரே சின்ன அரங்குக்குள் போய் மேடையில் ஏறி நின்றுகொண்டார். பெரிய அரங்கில் வேலையாட்களைக் கூட்டிக் கைதட்டச் சொல்லும்படி அவனை அனுப்பினார்.

கொத்தனார், பெயிண்டர், எலெக்ட்ரீஷியன் என்று ஒருவர் விடாமல் உள்ளங்கை சிவக்கத் தட்டினார்கள். அவன் ஓடிவந்து பார்த்தான். பாடகி கண்களை மூடி, காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டார்.

"தட்டிக்கிட்டேதான் இருக்காங்கம்மா."

அவர் முகம் மலர்ந்தது. அவனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "எதுக்கும்மா இதெல்லாம்?"

"என் முதல் மேடையும் இந்த மாதிரி ஒரு சின்ன அரங்குதான். பாதிப் பாட்டுல பக்கத்து அரங்குல கைதட்டல் இடி மாதிரி கேட்டுச்சு. என் எதிர்ல உட்கார்ந்திருந்த நாலு பேரும் எழுந்து அங்க போயிட்டாங்க."

மேடையிலிருந்து மெல்ல இறங்கினார்.

"எனக்கு விழற கைதட்டல், இங்க பாடற பிள்ளைங்க காதுல விழக் கூடாது தம்பி."