கீறல் படாத பெயர்

பொருட்காட்சி நடந்த கடற்கரையில் வளை தோண்டிய நண்டுக்கு ஒரு அலுமினிய வில்லை தட்டுப்பட்டது.

"அப்பாடா! என் மேல இருக்கறதைப் படி," என்றது வில்லை. "பொருட்காட்சியில பேரு அடிக்கற மிஷின்ல ஒவ்வொரு எழுத்தா முள்ளைத் திருப்பி, ஒரு ஜோடி ரெண்டு பேருமா கைப்பிடியை இழுத்து அடிச்ச பேருங்க. என்னைத் தொலைச்சிட்டுத் தேடிக்கிட்டிருப்பாங்க."

நண்டு உப்பைச் சுரண்டியது. "ஒரு பேரு எஸ்தர். இன்னொரு பேரு மேல ஒரே கீறல். படிக்க முடியலை."

"கல்லுல உரசியிருக்கும்."

கல் ஒரு பெயரை மட்டும் தேடிப்பிடித்துக் கீறாது என்று நண்டுக்குத் தெரியும்.

"எஸ்தர் பேருல கீறலே இல்லையா?"

"இல்லை."

"அப்போ அவ கண்டிப்பா வருவா. என்னை வெளியே தெரியற மாதிரி வை."

நண்டு அதை மணல்மேல் வைத்தது, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி.